நாலு மணி விஷயம்

வேலை பார்த்தால் ஆம்பளைகளோடுதான் பார்க்க வேண்டும் என்பது அகிலாண்டத்தின் கட்சி. கல்யாணப் பந்தியில், பஸ்ஸில், பக்கத்து வீட்டு மதில் ஓரத்தில் என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வாள். "ஆம்பளைங்க நச்சரிக்க மாட்டாங்க. புதுப் புடவையா, எங்க எடுத்தேன்னு கேக்க மாட்டாங்க. ஏன் முகம் வாடிக் கெடக்குன்னு தோண்ட மாட்டாங்க. ஊர்க்கதை பேச மாட்டாங்க. சொன்னதை நம்புவாங்க." கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில், பள்ளியக்கிரகாரம் தாண்டி, தகரக் கொட்டகை போட்ட ஓர் ஆபீஸ். நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிற கம்பெனி. முதலாளி ராஜராஜன் சிங்கப்பூரில் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வீடியோவில் தலையைக் காட்டுவார். இங்கே எல்லாம் மேனேஜர் பஞ்சநதம்தான். பெரிய மீசை, பெரிய குரல். டிரைவர்களைக் கட்டி மேய்க்க வீரையன். டீசலும் ஸ்பேர் பார்ட்ஸும் நெய்னா முகம்மது பொறுப்பு, எல்லாருக்கும் அவர் பாய். எந்த ஊருக்கு எந்த வண்டி, எப்போது போகும் என்று போனில் பேசி முடிப்பது அகிலாண்டம். ஈரம் காயாத வயலுக்குச் செயின் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. மழை வருகிறது, இன்றைக்கே அனுப்பு என்று குதிக்கிறவர்களை, சொந்த நிலக்காரரோ குத்தகைக்காரரோ, ஒரே குரலில் உட்கார வைத்துவிடுவாள். வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. நாலு மணி வரைக்கும்.

ஆபீஸ் ஐந்தரை வரை. அகிலாண்டம் நாலு மணிக்குப் பையைத் தூக்கிவிடுவாள்.

இது ஆரம்பித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். பல வருஷம் முன்னால் ஒரு நாள், காரணமே இல்லாமல், அங்கிருந்து கிளம்பினால் போதும் என்று இருந்தது அவளுக்கு. மூத்த பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று ஒரு பொய்யை நேர்த்தியாகத் தயார் செய்துகொண்டு பஞ்சநதத்தின் மேஜை முன்னால் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார். மீட்டிங் மறந்துபோயிற்று. "ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் பொம்பளைங்க விஷயம்" என்று வாய் தானாக உளறியது. பஞ்சநதத்தின் முகம் சிவந்தது. கண்ணைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். "போங்க, போங்க, போயிட்டு வாங்க" என்றார் கூரையிடம். மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். மறுநாளும் கூரை. சில நாளில் சொல்லவே தேவையில்லாமல் போய்விட்டது. அவள் பையைத் தொட்டதும் பஞ்சநதம் கூரையைப் பார்ப்பார், வீரையன் ஸ்பேனர் பெட்டியைத் திறப்பான், பாய் போன மாதத்துக் காலண்டர் தாளைப் புரட்டுவார். மூன்று பேருக்கும் கல்யாணமாகிப் பிள்ளை குட்டி இருக்கிறது. தினமும் என்ன பொம்பளைங்க விஷயம் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே!

சரி, நாலு மணிக்கு எங்கே போவாள்? ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. திருவையாறு பஸ்ஸில் ஏறி, வீட்டுக்குப் போகாமல், கண்டியூரில் இறங்கிக்கொள்வாள். டீக்கடையில் சூடாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு குடமுருட்டிப் படித்துறையில் போய் உட்காருவாள். அவ்வளவுதான். தண்ணீர் இருந்தால் தண்ணீரைப் பார்ப்பாள், இல்லாவிட்டால் மணலைப் பார்ப்பாள். போனை அணைத்துவிடுவாள். தில்லைஸ்தானத்தில் அவள் வீட்டில் புருஷன், இரண்டு பையன்கள், மாமியார், கல்யாணமாகாத கொழுந்தன். காலையில் எழுந்ததிலிருந்து அவள் பெயர் ஏலத்தில் இருக்கும். அம்மா என் சாக்ஸ், அகிலா என் கண்ணாடி, அண்ணி என் டிபன். ஆபீஸ் வந்தால் போன். படித்துறையில் மட்டும்தான் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நேரமெல்லாம் நல்லவளாக இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அதை யாராவது பிடுங்கிக்கொண்டால் அவள் என்ன ஆவாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்படி இருக்கையில் ராஜராஜன் புதிதாக இரண்டு மெஷின் வாங்கிப் போட்டார். தை அறுவடை நெருங்குகிறது, அகிலாண்டத்துக்கு உதவியாக இன்னொரு ஆள் போடுங்கள் என்று சிங்கப்பூரிலிருந்து உத்தரவு. வந்தவர்களில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருவன் பூதலூர்ப் பையன் இளஞ்செழியன். இன்னொருத்தி நீடாமங்கலம் பக்கத்துப் பெண் எழில்மொழி, தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள்.

இளஞ்செழியனைப் பார்த்ததுமே அகிலாண்டத்துக்குப் பிடித்துப்போயிற்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், போனைப் பார்த்தான், கிளம்பினான். பக்கத்து நாற்காலி தீப்பிடித்தாலும் ஏன் என்று கேட்கிற முகமில்லை. எழில்மொழி அப்படியில்லை. போகிற போக்கில், "அக்கா, இவ்வளவு போன் வருதே, சாயங்காலமும் நீங்கதான் எடுப்பீங்களா?" என்று கேட்டாள். எடுப்பேன் என்று அகிலாண்டம் தலையை ஆட்டி வைத்தாள். ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தால் தன் நாலு மணி எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரம்கூடத் தாங்காது. அகிலாண்டம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஞ்சநதத்திடம் போனாள்.

"சார், பையனையே போட்டுடுங்க. இங்க பொண்ணு சரிப்படாது."

"ஏம்மா?"

"டிரைவருங்க போன்ல பேசற பேச்சு காது குடுத்துக் கேக்க முடியாது."

"நீங்க கேக்குறீங்களே?"

"எனக்குப் பழகிடுச்சு. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. அப்புறம் மதியானத்துல தகரம் காயுது, நீங்கள்லாம் சட்டையைக் கழட்டிட்டு உக்காருவீங்க. அவ வந்தா முடியுமா?"

"போட்டுக்கிட்டு உக்காருவோம்."

"பாத்ரூம் தாப்பா உடைஞ்சு கெடக்கு."

"வீரையன், தாப்பா வாங்கி மாட்டுய்யா" என்றார் பஞ்சநதம்.

அகிலாண்டம் பாயைப் பார்த்தாள். எப்போதும் அவள் பக்கம் பேசுகிற பாய், "பொண்ணுதான் நல்லதும்மா" என்றார். வீரையனும், "பொண்ணையே போடுங்க சார்" என்று தாழ்ப்பாள் வாங்கக் கிளம்பிவிட்டான். தண்ணீர்க் குடத்தைக்கூட இத்தனை நாள் அவளையே தூக்கி வைக்க விட்ட இந்த மூன்று பேருக்கும் திடீரென்று எங்கிருந்து இந்தப் பெண்ணுரிமை வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. எரிச்சலாக வந்தது. பஜ்ஜி சாப்பிடும்போதும் எரிச்சல் போகவில்லை.

எழில்மொழி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. காலையில் சொல்லிக் கொடுத்ததை மத்தியானம் அவளே செய்தாள். ஒரத்தநாட்டுக்காரர் ஒருவர் டயர் வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, "வயல்ல உங்க கால் பதியுதாங்க, பதியலியாங்க?" என்று ஒரே கேள்வியில் செயின் வண்டிக்கு மாற்றிவிட்டாள். அகிலாண்டத்துக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாலு மணியாயிற்று. ஒன்றும் நடக்காதது போலப் பையைத் தூக்கினாள். பஞ்சநதம் கூரையைப் பார்த்தார். எழில்மொழியும் பையைத் தூக்கினாள்.

"நீ எங்க?"

"உங்க கூடத்தான் அக்கா."

"நான் வீட்டுக்குப் போறேன்."

"சரிக்கா. போற எடத்துக்கு வரேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எழில்மொழி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மேனேஜர் சார் எல்லாம் சொன்னாருக்கா. பல வருஷமா உங்களுக்கு ஏதோ பெரிய சீக்கு, தினம் நாலு மணிக்கு வைத்தியத்துக்குப் போறீங்க, என்ன ஏதுன்னு எங்களால கேக்க முடியல, நீ பொண்ணு, கூடவே போய்ப் பாத்துக்கன்னாரு. அதுக்காகத்தான் பொண்ணா பாத்து எடுத்தாங்களாம்."

அகிலாண்டம் கண்டக்டர் நீட்டிய மீதிச் சில்லறையை வாங்க மறந்தாள். பஸ் கண்டியூரில் நின்றது. பஜ்ஜி வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. இறங்க முடியவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே பாலத்தைக் கடந்தாள்.

திருவையாற்றில் இறங்கி, வைத்தியம் என்று எதையாவது காட்டியாக வேண்டுமே என்று, கடைத்தெருவில் கண்ணில் பட்ட நாட்டு மருந்துக் கடையில் நுழைந்தாள். "வழக்கமா வாங்குறது குடுங்க" என்றாள் தைரியமாக. கடைக்காரர் அவளை இதற்கு முன் பார்த்ததே இல்லை. "எது?" என்றார். "அதான், அந்தக் கசாயப் பொடி." அவர் யோசித்துவிட்டு, யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு பொடியை மடித்துக் கொடுத்தார். உலகத்தில் உள்ள கசப்பெல்லாம் அதில்தான் இருந்தது. அது எப்படித் தெரியும் என்றால், மறுநாள் காலையிலிருந்து ஆபீஸிலேயே அதைக் குடிக்க வைத்தார்கள். எழில்மொழி கலக்குவாள், பாய் வெந்நீர் கொண்டுவருவார், வீரையன் வெல்லக்கட்டியோடு நிற்பான், பஞ்சநதம் தூரத்திலிருந்து டம்ளர் காலியாகிறதா என்று கண்காணிப்பார். மாலையில் எழில்மொழியோடு பஸ். அகிலாண்டத்தின் நாலு மணி அவள் கண் முன்னாலேயே பறிபோயிற்று. வீட்டில் கூப்பிடுகிற குரல்களோடு இப்போது பஸ்ஸிலும் ஒரு குரல், "அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா? அக்கா, தலை சுத்துதா?" அழுகை வந்தது அவளுக்கு. பொண்ணு வேண்டாம், பொண்ணு வேண்டாம் என்று தலை தலையாக அடித்துக்கொண்டேனே என்று மனசுக்குள் புலம்பினாள்.

பொடி தீரும் சமயம், ஒரு நாள் பஸ் கண்டியூரை நெருங்கும்போது எழில்மொழி எழுந்து அவளுக்கு வழிவிட்டாள்.

"இறங்குங்கக்கா. பஜ்ஜி ஆறிடும்."

"எந்த பஜ்ஜி?" என்றாள் அகிலாண்டம்.

"மொத நாளே தெரியும்க்கா" என்றாள் எழில்மொழி. "இந்த ஸ்டாப்பிங் வந்ததும் உங்க முகம் போன போக்கைப் பாத்தேன். சீக்காளி யாராவது பஜ்ஜிக் கடையைத் திரும்பித் திரும்பிப் பாப்பாங்களா?"

"அப்ப ஏண்டி இத்தனை நாள் அந்தக் கசாயத்தைக் குடிக்க வச்ச?"

"நான் கேட்டேன்ல, சாயங்காலமும் நீங்கதான் போன் எடுப்பீங்களான்னு? எடுப்பேன்னு தலையை ஆட்டினீங்கல்ல? அதுக்கு." அப்புறம் சிரித்தாள். "நான் அடுத்த பஸ்ல திரும்பிப் போயி லைப்ரரில உக்காந்து பரிட்சைக்குப் படிக்கிறேன். நீங்க ஆத்தைப் பாருங்க. சார் கேட்டா வைத்தியம் நடக்குதுன்னு சொல்லிக்கலாம்."

பெண்களோடு வேலை பார்ப்பதைப் பற்றி அகிலாண்டம் வைத்திருந்த கருத்து அன்று அந்தப் பஸ் படிக்கட்டிலேயே ஆட்டம் கண்டது. அடுத்து வந்த நாட்கள் பொன்னான நாட்கள். ஒருத்திக்கு ஆறு, ஒருத்திக்கு லைப்ரரி. மறுநாள் காலையில் இருவரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். இப்படியே ஓடியிருக்கும், பஞ்சநதம் மட்டும் சும்மா இருந்திருந்தால்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு அகிலாண்டம் பையைத் தூக்கியபோது அவர் கூரையைப் பார்க்கவில்லை. எழுந்து அவள் மேஜைக்கே வந்தார். கையில் புன்னைநல்லூர்க் கோயில் குங்குமப் பொட்டலம். அதை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார்.

"பொடிக்கு ஒண்ணும் கேக்குற மாதிரி தெரியலம்மா. பெரியாஸ்பத்திரியில நல்ல டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம், என் சம்சாரம் விசாரிச்சு வச்சிருக்கு. நாளைக்கு எழில்மொழியோட போயிட்டு வந்துடுங்க."

"வேணாம் சார், பரவால்ல."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா." அவர் பெரிய குரல் எங்கோ போயிருந்தது. "என் தங்கச்சி தனபாக்கியம்னு ஒருத்தி இருந்தா. நம்ம வீட்டுக்கு வர்றப்பல்லாம் வயித்தைப் புடிச்சிக்கிட்டுப் படுத்துக் கெடப்பா. என்னம்மான்னு கேட்டா, பொம்பளைங்க விஷயம்ணேன்னு சொல்லுவா. நான் எழுந்து வெளிய போயிடுவேன். எங்கப்பாவும் வெளிய போயிடுவாரு. கட்டிக்கிட்டவரும் அப்படித்தான். எல்லாரும் வெளியிலயே நின்னோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப, டாக்டரம்மா எங்களைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, இத்தனை நாளா என்னய்யா பண்ணீங்கன்னு." துண்டால் மூக்கைத் துடைத்தார். "உங்ககிட்ட கேட்டுடணும்னு தினம் நாலு மணிக்கு நெனைப்பேன். வாய் வராதும்மா. அதான் கேக்கத் தெரிஞ்ச ஒரு பொண்ணைக் கொண்டாந்து போட்டேன்."

அகிலாண்டத்துக்கு வெட்கமாக இருந்தது. சும்மா தலையாட்டிவிட்டுப் போனால் நாலு மணி அவளுக்குத்தான், ஆயுசுக்கும். யாரும் பிடுங்க முடியாது. எழில்மொழி வாசலிலிருந்து, வாங்கக்கா என்று கண்ணால் கூப்பிட்டாள். அகிலாண்டம் பையைக் கீழே வைத்தாள்.

"சார், எனக்கு ஒரு சீக்கும் இல்ல. கண்டியூர்ல எறங்கி பஜ்ஜி திங்கிறேன்."

"பஜ்ஜியா?"

"வாழைக்காய் பஜ்ஜி. தின்னுட்டு ஆத்தங்கரையில உக்காந்திருப்பேன்."

பஞ்சநதம் எழில்மொழியைத் திரும்பிப் பார்த்தார். "ரொம்பப் பயந்துட்டாங்க போலருக்கேம்மா. என்னமோ பேசறாங்க" என்றார் மெதுவாக.

"இல்ல சார்" என்றாள் எழில்மொழி தலையைக் குனிந்துகொண்டு. "நிஜமாவே பஜ்ஜிதான்."

அவர் அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினார். முகத்துக்கு நேரே பார்த்தார். "உடம்புல ஒரு எடத்துலயும் ஒண்ணும் இல்லியே? சத்தியமா?"

"சத்தியமா இல்ல சார்."

நீளமாக ஒரு மூச்சு விட்டார் பஞ்சநதம். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடேயே கத்த ஆரம்பித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. இந்த ஆபீஸில் வீரையன் திட்டு வாங்கியிருக்கிறான், பாய் வாங்கியிருக்கிறார், டிரைவர்கள் தினமும் வாங்குகிறார்கள். அகிலாண்டத்துக்கு இதுதான் முதல் முறை. "அப்ப நான் செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை புன்னைநல்லூர்ல போயி வரிசையில நின்னது எதுக்குய்யா?" என்றார். கோபத்தில் அவள் பெண் என்பதே மறந்துபோயிற்று.

"நான் கவிச்சியைத் தொட்டு எத்தனை மாசமாச்சு தெரியுமா? உங்களுக்கு நல்லபடியா ஆகட்டும்னு வேண்டிக்கிட்டு!" என்று வீரையன் ஸ்பேனரோடு வந்து நின்றான்.

"நாகூர்ல உங்க பேருக்கு ஓதிட்டு வந்தேனேம்மா" என்றார் பாய், மற்ற இருவரையும்விட வருத்தமாக.

ஒருவர் வேண்டிக்கொண்டது மற்றவருக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் இன்னும் கூடிற்று. "நாளையிலேர்ந்து எல்லாரும் அஞ்சரை" என்றார் பஞ்சநதம். "நாளையிலேர்ந்து என்ன, இன்னிலேர்ந்து. உக்காருங்க!"

அகிலாண்டம் உட்கார்ந்தாள். காது சுட்டது. திட்டினது உறைக்கத்தான் செய்தது, ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, "சார், வியாழக்கெழமை மட்டும் நாலு மணிக்கு விடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

பையனின் பள்ளிக்கூடம், மாமியாரின் முழங்கால், கேஸ் சிலிண்டர் என்று காரணத்துக்கா பஞ்சம்? ஒன்றும் சொல்லப் பிடிக்கவில்லை. "சும்மா சார். யாரும் என்னைக் கூப்பிடாத எடத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்." இதை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, கட்டினவரிடம்கூட.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா தினமும் விட்டிருப்பேனேம்மா" என்றார் பஞ்சநதம். விட்டிருக்கவே மாட்டார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் வியாழக்கிழமையைக் கொடுத்தார். "எனக்கு வெள்ளிக்கெழமை சார்" என்று வீரையன் உடனே கையைத் தூக்கி இன்னொரு திட்டு வாங்கிக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது. அகிலாண்டம் எடுத்தாள். நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊரிலிருந்து ஒரு பெரியவர். மெஷின் எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அகிலாண்டம்மாவா பேசறது? நாலு மணிக்கு மேல நீங்க இருக்க மாட்டீங்களே?"

"இருக்கேங்க. சொல்லுங்க."

"அப்ப உடம்பு குணமாயிடுச்சா தாயி? டிரைவருங்க வந்து சொல்லும்போதெல்லாம் எங்க வீட்டுல அழுவும். இந்தப் பக்கம் எல்லா ஊர்லயும் உங்களுக்காக வேண்டாத ஆள் இல்ல!"

அகிலாண்டம் போனைக் காதில் வைத்தபடியே மூன்று ஆம்பளைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். வீரையன் மெல்ல நழுவி வெளியே போனான்.

"குணமாயிடுச்சுங்க" என்றாள் பெரியவரிடம். "எல்லாருக்கும் சொல்லிடுங்க. உங்க வயல்ல ஈரம் காஞ்சிடுச்சா?"